நெருஞ்சிப் பூ ஞாயிற்றைப் பின்தொடர்கிறதா?

நெருஞ்சிப் பூ ஞாயிறு செல்லும் திசையெல்லாம் திரும்பும் என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். ஆகவே ஒளியை நோக்கித் தாவரங்கள் அசைவதைத் தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டனர். இப்படியொரு கருத்தை நீங்கள் இலக்கிய மன்ற மேடைகளில் கேட்டிருப்பீர்கள். கட்டுரைப் போட்டிகளில் எழுதிப் பரிசும் பெற்றிருப்பீர்கள்.

அண்மையில் தர்மபுரி மாவட்டத்தில் நடந்த அத்தகைய ஒரு போட்டிக்கு நான் நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். இதே கருத்தை அழகாக எழுதியிருந்த மாணவரை அழைத்து, "நெருஞ்சிப் பூவைப் பார்த்திருக்கிறாயா, தம்பி?" என்று கேட்டேன். "முள்ளு தெரியும் சார். வெறுங்காலோட கொல்லைக்குப் போனா குத்தும். பூவைக் கவனிச்சதில்லை" என்றார். அவர் உண்மையைச் சொன்னதற்காக மகிழ்ந்தேன். ஆனால் அவருடைய ஊரில் மழை பெய்த மூன்று நான்கு வாரங்களில் வண்டிப்பாதை நெடுகிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது அந்த நெருஞ்சிதான். பாட்டைப் படித்த கண் பூவைப் பார்க்கவில்லையே என்ற வருத்தத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சங்கப் புலவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் பார்த்ததை நாம் சரியாகப் படித்திருக்கிறோமா, படித்ததை மீண்டும் பார்த்திருக்கிறோமா என்பதே கேள்வி.

செடியின் அடையாளம்

முதலில் செடியை அறிந்துகொள்வோம். நெருஞ்சிக்குத் தாவர இயலார் வழங்கும் பெயர் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. நடுவிலுள்ள ஒரு வேர்த்தலையிலிருந்து தண்டுகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாற்புறமும் தரையோடு தரையாகப் படர்கின்றன. இலை ஒவ்வொன்றும் பல சிற்றிலைகளை இணை இணையாகக் கொண்டது. எதிரெதிரே அமைந்த இரண்டு இலைகளில் ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருக்கும். இலைக் கோணத்தில் தனித்தனியே ஐந்து இதழ் மஞ்சள் பூ. அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். பூ காலையில் விரியும். பிற்பகலில் மூடிக்கொள்ளும் அல்லது இதழ்களை உதிர்த்துவிடும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

யானை நெருஞ்சி என்றும் பெருநெருஞ்சி என்றும் வழங்கும் செடி வேறு. அது எள்ளின் உறவு. அதன் தளிரை நீரில் இட்டுக் கலக்கினால் நீர் கொழகொழப்பாகும். இரண்டு செடிகளும் மஞ்சளாகப் பூக்கும். இரண்டின் காய்களிலும் முள் உண்டு. ஆகவே பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். யானை நெருஞ்சியின் இலை சிற்றிலைகளாகப் பிரிவதில்லை. பூவின் இதழ்கள் ஒன்றாக இணைந்து புனல் போலிருக்கும்.

பாடல்கள் சொல்வது என்ன?

குறுந்தொகையின் 202ஆம் பாடல் அள்ளூர் நன்முல்லையார் பாடியது. முன்பு இனியவனாக இருந்து இப்போது இன்னாதவனாகிவிட்ட கணவனை எண்ணித் தலைவி நோகிறாள். அவளுக்கு நெருஞ்சி உவமையாக வருகிறது. இலக்கிய நயத்தை ஒதுக்கிவிட்டுச் செய்திகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். செடி வளரும் இடம் புன்செய் நிலம். அங்கு அது அடர்ந்து கிடக்கிறது. இலை சிறியது. புதுப் பூ கண்ணுக்கு இனியது. அந்தப் பூவே பின்னர் முள்ளைத் தருகிறது. இடம், அடர்த்தி, இலை, பூ, காய் என ஐந்து குறிப்புகள். தாவரவியல் மாணவன் உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டி அதன் கீழே எழுதும் குறிப்பைப் போல இருக்கிறதல்லவா? "சிறிய இலை" என்ற ஒரு குறிப்பே யானை நெருஞ்சியை விலக்கிவிடுகிறது.

பூ முள்ளைத் தருகிறது என்பதும் கவிதைக்காகச் சொன்னதன்று. ரோஜாவின் முள் தண்டில் இருக்கிறது. நெருஞ்சியின் தண்டில் முள்ளே இல்லை. நம் காலில் தைப்பது அதன் கனி. நாம் பேச்சில் நெருஞ்சி முள் என்கிறோம். திருவள்ளுவரோ 1120ஆம் குறளில், அனிச்சமும் அன்னத்தின் இறகும்கூடப் பெண்ணின் அடிக்கு உறுத்தும் என்று சொல்லும்போது, நெருஞ்சியின் பழம் என்றே குறிப்பிடுகிறார். தாவரவியலும் அதையே சொல்லும்.

அடுத்து மோசிகீரனார் பாடிய புறநானூற்று 155ஆம் பாடல். கொண்கானங்கிழான் என்னும் வள்ளலை நோக்கி வறிய புலவர்களின் உண்கலங்கள் ஏந்தி நிற்பதற்கு, எழுகின்ற ஞாயிற்றை நெருஞ்சிப் பூ எதிர்கொள்வதை உவமை கூறுகிறார். அந்தப் பூ எங்கே பூத்தது என்றும் சொல்கிறார்: பாழடைந்த ஊரில். இதுவும் கூர்மையான கவனிப்பு. மண் கிளறப்பட்டு, மிதிபட்டு, வேறு செடிகள் அடர்ந்து நிழல் கட்டாத வெற்றிடமே நெருஞ்சிக்கு ஏற்றது. கைவிட்ட ஊர், களத்துமேடு, சாலையோரம், ஆட்டுப்பட்டி ஆகிய இடங்களில்தான் இன்றும் அதைக் காண்கிறோம்.

இனி, ஞாயிற்றோடு சேர்த்துப் பேசப்படும் மற்ற இரண்டு பாடல்களுக்கு வருவோம். குறுந்தொகை 315இல் தலைவி, தன் தலைவன் ஞாயிறு போன்றவன், தன் தோள்கள் நெருஞ்சி போன்றவை என்கிறாள். அவ்வளவுதான். நெருஞ்சி திரும்புகிறது என்ற சொல்லே பாடலில் இல்லை. அதை உரை எழுதியவர்கள் விரித்துச் சொல்கின்றனர். அகநானூறு 336இல்தான் நெருஞ்சி ஞாயிற்றோடு சேர்ந்து சுழல்வதாக வெளிப்படையாக வருகிறது.

ஆக, நம்மிடம் மூன்று வகைச் சாட்சிகள் உள்ளன. ஒன்று, காலை ஞாயிற்றை எதிர்கொள்கிறது என்கிறது. மற்றொன்று உவமையை மட்டும் சொல்லி விடுகிறது. மூன்றாவது, ஞாயிற்றோடு சுழல்கிறது என்கிறது. மேடைகளில் இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டி, "நாள் முழுதும் பின்தொடர்கிறது" என்று ஒரே முடிவாக்கிவிடுகிறோம். எதிர்கொள்வதும் பின்தொடர்வதும் ஒன்றல்ல. வாசலில் நின்று விருந்தினரை எதிர்கொள்பவர் அவர் பின்னாலேயே ஊர் முழுதும் சுற்றுவதில்லை.

யார் சொல்வது?

நீதிமன்றத்தில் சாட்சியம் மட்டுமல்ல, சாட்சியும் கவனிக்கப்படுவார். அகநானூறு 336இல் பேசுபவள் ஒரு பரத்தை. தலைவன் என்னோடு நெருஞ்சி போலச் சுற்றித் திரியாவிட்டால் என் வளைகள் உடைந்து போகட்டும் என்று வஞ்சினம் கூறுகிறாள். சினத்தில், செருக்கில், பிறர் கேட்க வேண்டுமென்றே சொல்லும் பேச்சு அது. புலவர் அந்தப் பாத்திரத்துக்கு ஏற்ற மிகையை அவள் வாயில் வைத்திருக்கிறார். கவிதைக்கு அது பொருத்தம். ஆனால் அதை அப்படியே எடுத்து அளவுக் குறிப்பாக்குவது புலவருக்கும் நியாயமன்று, அறிவியலுக்கும் நியாயமன்று.

இப்போது, பூ பிற்பகலில் மூடிவிடும் என்று முன்னர் சொன்னதை நினைவுகூருங்கள். மூடிய பூ மாலை ஞாயிற்றை எப்படிப் பின்தொடரும்? "நாள் முழுதும்" என்ற பகுதி இங்கேயே தடுமாறுகிறது. மோசிகீரனாரின் அடக்கமான கூற்றுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. காலையில் விரியும் பூ காலை ஞாயிற்றை நோக்குவதாக மட்டுமே அவர் கூறினார். குறைவாகச் சொன்னவரே கூடுதலாக நம்பத் தகுந்தவராகிறார்.

சூரியகாந்தி தந்த பாடம்

இத்தகைய சோதனை தேவைதானா, கண்ணால் கண்டது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குச் சூரியகாந்தி விடை சொல்லும். அந்தப் பூ வாழ்நாள் முழுதும் சூரியனைப் பின்தொடர்வதாக உலகெங்கும் நம்பினார்கள். அதன் பெயரே அப்படி அமைந்தது. உண்மையில் பின்தொடர்வது இளஞ்செடியும் மொட்டும்தான். பகலில் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி, இரவில் மீண்டும் கிழக்குக்கு வந்து காத்திருக்கும். முற்றி விரிந்த பூ கிழக்கு நோக்கி நிலைத்து நின்றுவிடும். வயலுக்குச் சென்று மாலையில் ஒரு முறை பார்த்தவர்களுக்கே இது தெரிந்திருக்கும். ஆயினும் நம்பிக்கை கண்ணை மறைத்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் இதன் காரணத்தை வெளியிட்டனர். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் விரைவாக வளர்கிறது. தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் விரைவாக வளர்கிறது. தலை கிழக்கே திரும்புகிறது. செடியை மேலே அசையாமல் எரியும் விளக்கின் கீழே கொண்டுபோய் வைத்தாலும், சில நாட்கள் அது முன்போலவே அசைந்துகொண்டிருந்தது. ஆகவே ஒளி மட்டுமின்றிச் செடிக்குள்ளேயே ஓடும் கடிகாரமும் காரணம் என்று தெரிந்தது. கிழக்கு நோக்கி நின்ற பூக்கள் காலையில் விரைவில் சூடேறின. மேற்கு நோக்கித் திருப்பி வைத்த பூக்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வண்டினங்கள் அவற்றை நாடி வந்தன.

துருவப் பகுதியிலும் இதுபோல் உண்டு. கிண்ண வடிவப் பூக்கள் சூரியனை நோக்கித் திரும்பி, ஒளியை நடுவில் குவித்துத் தம்மைச் சூடாக்கிக்கொள்வதைப் பீட்டர் கெவன் என்பவர் 1975இல் விளக்கினார். குளிர் நாட்டில் வெப்பம் பூச்சிக்கு விருந்து. தர்மபுரியின் வெயிலில் அந்த விளக்கம் பொருந்துமா? பொருந்தாவிட்டால் நெருஞ்சி கிழக்கு நோக்குவதால் அதற்கு என்ன பயன்? "நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று முற்றுப்புள்ளி வைத்தால் இந்தக் கேள்விகள் பிறப்பதற்கே வழியில்லை.

புலவர் காணாதவை

பாடல்கள் பூவையும் கனியையும் காட்டின. வெறுங்கண்ணால் காண முடியாத இரண்டு செய்திகளை அவை சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. அவற்றில்தான் இச்செடி வறட்சியை வெல்லும் முறை அடங்கியிருக்கிறது.

தர்மபுரி பாலைவனமன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. ராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் நெருஞ்சி இரண்டு இடங்களிலும் வாழ்கிறது. சரளைச் செம்மண்ணில் பெய்த மழை விரைவில் வடிந்தும் ஆவியாகியும் போய்விடுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரட்டு நிலம் காய்ந்து கிடக்கிறது. தரையோடு வாழும் ஒரு சிறு செடிக்கு அந்த மாதங்கள் பாலைதான்.

அந்த மாதங்களில் நெருஞ்சி எங்கே? செடியாக எங்கும் இல்லை. மண்ணில் விதையாக இருக்கிறது. மழை பெய்ததும் முளைத்து, சில வாரங்களிலேயே பூத்துக் காய்த்து மடிகிறது. வறட்சியைத் தாங்குவது அதன் வழியன்று. வறட்சி வருமுன் வாழ்க்கையை முடித்துக்கொள்வதே அதன் வழி. பாலைவனத்து ஒருபருவப் பூச்செடிகள் உலகெங்கும் இதே வழியைத்தான் கைக்கொள்கின்றன.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. முதல் மழையை நம்பி எல்லா விதைகளும் முளைத்து, பின்னர் மழை பொய்த்துவிட்டால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செடிக்கு 100 விதைகள். முளைத்த விதை நல்ல ஆண்டில் 10 விதைகளைத் தரும், பஞ்ச ஆண்டில் ஒன்றும் தராது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் முளைத்தால் நல்ல ஆண்டில் 1000. அடுத்த பஞ்ச ஆண்டில் சுழி. வம்சமே அற்றுவிடும். பாதி மட்டும் முளைத்துப் பாதி உறங்கினால்? நல்ல ஆண்டின் முடிவில் 500 புது விதைகளும் 50 பழைய விதைகளுமாக 550. பஞ்ச ஆண்டில் பாதி முளைத்து அழிந்தாலும் 275 மிஞ்சும். குறைவாக ஆசைப்பட்ட செடி நூற்றிலிருந்து இருநூற்று எழுபத்தைந்துக்கு வந்துவிட்டது! டான் கோஹன் என்னும் அறிஞர் 1966இல் இந்தக் கருத்தைக் கணித முறையில் நிறுவினார். முதல் மழையிலேயே வீட்டிலுள்ள விதை முழுவதையும் விதைத்துவிடாத மானாவாரி விவசாயிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நெருஞ்சிக் கனியை உடைத்தால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துப் பார்க்கலாம். முற்றிய கனி ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு விதைகள், வெவ்வேறு அளவில் இருக்கும். பெரியது முதலில் முளைக்கும். மற்றவை பின்வரும் மழைகளுக்காகக் காத்திருக்கும். அந்தத் துண்டில் இரண்டு நீண்ட முட்களும் இரண்டு குறுகிய முட்களும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படித்திருக்கிறீர்கள். 50 நியூட்டன் விசை, 0.01 சதுர மில்லிமீட்டர் முனையில் விழுந்தால் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 50,000 மடங்கு! அந்த அளவை எட்டுமுன்னரே முள் தோலைத் துளைத்துவிடும். காலோ, குளம்போ, சைக்கிள் டயரோ அதைச் சுமந்து சென்று வேறிடத்தில் விதைக்கும். பாதையோரமெல்லாம் நெருஞ்சி முளைப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

இரண்டாவது செய்தி இலைக்குள் இருக்கிறது. கடும் வெயிலில் பெரும்பாலான செடிகளின் ஒளிச்சேர்க்கையில் ஒரு பிழை நேர்கிறது: கரியமில வாயுவைப் பற்ற வேண்டிய நொதி, தவறிப் பிராணவாயுவைப் பற்றிவிடுகிறது. உழைப்பு வீணாகிறது. நெருஞ்சியோ கரியமில வாயுவை முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட ஒரு சேர்மமாகப் பிடித்து, இலையின் உட்பகுதிக்கு அனுப்பி, அங்கே செறிவாக விடுவிக்கிறது. பிழை குறைகிறது. இலைத் துளைகளைக் குறைவாகத் திறந்தாலே போதும், நீரும் மிச்சமாகிறது. கரும்பில் இந்த வழியை ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் விளக்கினர். கேழ்வரகும் சோளமும் சாமையும் இதே வழியைக் கையாள்கின்றன. தர்மபுரிக் கொல்லையில் கேழ்வரகும் அதன் வரப்பில் நெருஞ்சியும் ஒரே உத்தியால் வெயிலைச் சமாளிக்கின்றன என்பது வியப்பன்றோ?

பாடநூலில் கள்ளி, காலடியில் நெருஞ்சி

இவ்வளவும் காலடியில் இருக்க, வறண்ட நிலத் தாவரம் என்றதும் மாணவர்கள் வரைவது சப்பாத்திக் கள்ளியின் படத்தைத்தான். அது அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த செடி. தண்டில் நீரைச் சேமிப்பது வறட்சியை எதிர்க்கும் ஒரு வழி. கருவேல மரம் போல ஆழ வேர்விட்டுத் தாங்குவது மற்றொரு வழி. நெருஞ்சி போல விதையாக ஒளிந்து தப்புவது மூன்றாவது வழி. மூன்றாவதைப் பார்க்க மாணவன் எங்கும் போக வேண்டியதில்லை. ஆனாலும் தேர்வில் கள்ளியை எழுதுகிறான், மேடையில் சங்கப் பாடலைச் சொல்கிறான், நெருஞ்சியைப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு குறிகள். பிறர் பார்த்ததை ஒப்பிப்பதே அறிவு என்று நாம் பழக்கிவிட்டோம்.

நீங்களே பாருங்கள்

ஆகையால் தலைப்பிலுள்ள கேள்விக்கு விடையை நான் எழுதப் போவதில்லை. எழுதிவிட்டால் நீங்கள் அதையும் ஒப்பிப்பீர்கள். மாறாக, முறையைச் சொல்கிறேன்.

மழைக்குப் பின், நிழல் விழாத இடத்தில் படர்ந்த நெருஞ்சியைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் விரியவிருக்கும் பத்து மொட்டுகளுக்கு முதல் நாள் மாலையே வண்ண நூல் கட்டுங்கள். அருகில் ஒரு குச்சியைத் தூக்குக் குண்டின் உதவியால் செங்குத்தாக நடுங்கள். அதன் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே ஞாயிற்றின் திசை. பூ விரிந்தது முதல் மூடும்வரை மணிக்கு ஒருமுறை, பூ நோக்கும் திசையில் பூவைத் தொடாமல் ஓர் ஈர்க்குச்சியைப் பிடித்து, திசைகாட்டியால் திசையையும் பாகைமானியால் சாய்வையும் அளந்து எழுதுங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. பூ உண்மையிலேயே பின்தொடர்ந்தால் அதன் அசைவும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அக்டோபர் நடுவில் தர்மபுரியில் நண்பகல் ஞாயிறு உச்சியிலிருந்து ஏறத்தாழ 20 பாகை தெற்கே இருக்கும். உங்கள் பூவும் அங்கே நோக்குகிறதா?

அடுத்த நாள், சில மொட்டுகளுக்குக் கிழக்கே ஓர் அட்டையை நிறுத்தி நேர் வெயிலை மறையுங்கள். மேற்கிலிருந்து கண்ணாடியால் ஒளியைத் திருப்பி விடுங்கள். பூ கண்ணாடியை நோக்கினால் ஒளியே காரணம் எனலாம். கிழக்கையே நோக்கினால் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கக்கூடும். எதையும் நோக்காமல் பத்தும் பத்துத் திசையில் விரிந்தால், அதையும் அப்படியே எழுதுங்கள். புலவரைப் பொய்யர் என்று சொல்லிவிடுவோமோ என அஞ்சவேண்டாம். பூவைக் குனிந்து பார்த்தவர்கள் அவர்கள். நீங்களும் குனிந்து பார்த்தீர்கள் என்பதைவிட வேறு மரியாதை அவர்களுக்கு வேண்டியதில்லை.

அளவுக் குறிப்புடன் யாரேனும் ஒருவர் அடுத்த கட்டுரைப் போட்டிக்கு வந்தால், அவருடைய முடிவு எதுவாக இருந்தாலும் என் முதல் மதிப்பெண் அவருக்குத்தான். கொல்லைக்குப் போகும்போது செருப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள்.